காளான் பிடிக்காத கண்ணாடி

அத்தியாயம் பதினொன்று

தியாகுவின் ஓலைத் தொப்பியில் இருந்த இரண்டு ஓட்டைகளுக்கும் அஞ்சலை கறுப்புத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். தைத்து முடித்து ஆறு நாளாகிவிட்டது. ஆறு நாளும் அவள் வாய் திறக்கவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அஞ்சலையின் கணவர் ராஜரத்தினம், புக்கிட் பாருவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் டூரியான் தோட்டத்தில் அணில் சுடுகிறவர். தியாகு அவளுடைய தம்பி. அதே தோட்டத்தில் தகரம் தட்டி அணில்களை மரத்தின் உச்சிக்கு விரட்டுவது அவன் வேலை. போன சனிக்கிழமை ராஜரத்தினம் சுட்ட குண்டு ஒன்று கிளைக்குப் போகவில்லை. தியாகுவின் தொப்பியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போனது. மண்டைக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்திருக்கும்.

சுட்டவருக்கு இது தெரியாது. குறி தவறியது என்று மட்டும்தான் தெரியும்.

"அத்தான்கிட்ட சொல்லிடாதக்கா" என்று தியாகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சா மனுஷன் துப்பாக்கியைத் தொடவே மாட்டாரு. அதை விட்டா அவருக்கு என்ன இருக்கு?"

அஞ்சலையும் அப்படித்தான் நினைத்தாள். தவிர, துப்பாக்கி நுனியில் இருக்கும் முன்குறி வளைந்துவிட்டது என்று ராஜரத்தினமே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகவே அவர் குறி தப்பிக்கொண்டிருந்தது. தவுக்கேயும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டெலஸ்கோப் போட்டுக்கிட்டு சனிக்கிழமை வா. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். டெலஸ்கோப் வந்துவிட்டால் குறி நேராகிவிடும். குறி நேரானால் தம்பியின் தலை தப்பும். அஞ்சலையின் கணக்கு அவ்வளவுதான்.

இன்று வெள்ளிக்கிழமை.

விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவள், பதினோரு மணிக்குத்தான் நிமிர்ந்தாள். அரசாங்க ஆபீஸ் கிராணிக் குமாஸ்தாக்களுக்குப் பதினான்கு சாப்பாட்டுக் கேரியர்கள். பதினான்கையும் டிரைஷா வண்டியில் அடுக்கி அனுப்பிவிட்டு, குசினிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அஞ்சலை, நீயும் வா" என்றார் ராஜரத்தினம்.

"எங்கே?"

"ஹமீது பாய் கடைக்கு. டெலஸ்கோப் பார்க்கணும்ல."

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அவளைத் துப்பாக்கிக் காரியத்துக்கு எங்கும் கூப்பிட்டதில்லை. துப்பாக்கி இருக்கும் பெட்டியை அவள் பெருக்கும்போது நகர்த்தினால்கூடக் கத்துகிறவர்.

"நான் வந்து என்ன செய்யப் போறேன்? எனக்குத் துப்பாக்கியில எது தலை எது வாலுன்னு தெரியாது."

"சும்மா வாயேன். வரும்போது பாசார்ல கங்கோங் வாங்கிக்கலாம்."

கங்கோங் கீரை வாங்க ஒரு மனிதருக்குப் பெண்டாட்டி துணை வேண்டுமா? அவள் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

துப்பாக்கியின் போல்ட்டை அவர் வழக்கம்போல் கழற்றித் தகரடப்பாவில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியைக் கான்வாஸ் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். லைசென்ஸ் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் கம்பி என்பார் அவர். மாத்தாக்காரப் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்கும் சுலபம்.

பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மட்டும் மலாய்.

"ஹா, பிகி மானா, தோக் துப்பாய்?" என்று அவள் சிரித்தாள். எங்கே போகிறாய், அணில் தாத்தா என்று அர்த்தம். கஜா பெராங் முழுக்க ராஜரத்தினத்துக்கு அதுதான் பெயர்.

"பிகி பெலி மாத்தா!" என்றார் அவர். கண் வாங்கப் போகிறேன் என்று.

அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். அஞ்சலையும் சிரித்து வைத்தாள்.

சாலை திரும்பும் இடத்தில் பெரிய வளைவு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சுதந்திரம். சாரத்தின்மேல் நின்று ஒருவன் சிவப்புச் சாயத்தில் எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் உயரம்.

"என்ன எழுதுறான்?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

அஞ்சலை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மெர்டேக்கான்னு எழுதுறான். வேற என்னத்தை எழுதுவான் இந்த மாசம்?"

"வெயில் கூசுது" என்றார் அவர்.

வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கால்வலியில் இருக்கிறவளுக்கு வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஹமீது பாயின் கடை புங்கா ராயா சாலையில், ஒரு ஜவுளிக் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது. அகலம் இரண்டு கை. நீளம் ஆற்றங்கரை வரைக்கும். முன்பக்கம் மூக்குக் கண்ணாடி, பின்பக்கம் பைனாகுலர், காமிரா, துப்பாக்கி டெலஸ்கோப் பழுதுபார்ப்பு. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களால் பின்பக்கம் நிறைந்துவிட்டது.

"வாங்கண்ணே, வாங்க. தங்கச்சியும் வந்திருக்கா? இன்னிக்கு மழைதான்" என்று பாய் நாற்காலி போட்டார்.

"நல்லதா ஒண்ணு எடுங்க பாய். பெரிசா இருக்கணும். தூரத்துல இருக்கிறது மூக்குக்கு முன்னால வந்து நிக்கணும்."

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்றார் பாய். உறையிலிருந்து துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பாயிண்ட் டூ-டூ ரைபிள். தோட்டா சுண்டு விரலில் பாதிகூட இருக்காது. "இந்தச் சின்னத் தோட்டா எவ்வளவு தூரம் போய் வேலை செய்யும், சொல்லுங்க? நீங்க அணிலைச் சுடுறது முப்பது கஜம், மிஞ்சினா ஐம்பது. அதுக்கு எதுக்குச் சிங்கப்பூரைக் காட்டுற குழல்?"

கடையின் பின்கதவைத் திறந்தார். கீழே சேறு கலந்த ஆறு. அக்கரையில் கிட்டங்கிகளின் முதுகுச் சுவர். ஒரு வீட்டின் பின்வாசலில் ஆணியில் ஒரு புறாக்கூண்டு தொங்கியது. கதவுக்கு நேராக இருந்த பெஞ்சில் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தினார். துப்பாக்கியின் மேற்பக்கத்தில் நீளமாக இரண்டு பள்ளம் வெட்டியிருந்தது. டெலஸ்கோப்பின் கால் அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும்.

முதலில் எடுத்தது முழங்கை நீளத்தில் ஒரு தடித்த குழல்.

"இது எட்டு மடங்கு. மான் வேட்டைக்காரத் துரை வச்சிருந்தது. நீங்க ஆசைப்படுறதால காட்டுறேன். எட்டு மடங்கு காட்டுறது உங்க கை நடுக்கத்தையும் எட்டு மடங்கு காட்டும். கிளையில அணில் எங்கேன்னு தேடுறதுக்குள்ள அது அடுத்த மரத்துல உக்காந்து பழம் தின்னுக்கிட்டிருக்கும்."

ராஜரத்தினம் குனிந்து கண்ணை வைத்தார்.

"அந்தக் கூண்டு நடுவுல கோட்டை வைங்க. வச்சாச்சா? இப்பக் கையை எடுத்துடுங்க. துப்பாக்கியைத் தொடாம, தலையை மட்டும் லேசா இப்படி அப்படி ஆட்டுங்க. கோடு கூண்டை விட்டு நகருதா?"

"...நகருது."

"அதான். துப்பாக்கி அசையலே, கோடு அசையுது. பெரிய துப்பாக்கிக்கு, இருநூறு கஜத்துக்குன்னு செஞ்ச குழல் இது. கிட்டத்துல வச்சுப் பார்த்தா இப்படித்தான் பொய் சொல்லும். கன்னத்தை அரை விரல் தள்ளி வச்சா குண்டு அரை விரல் தள்ளிப் போகும். இது உங்களுக்கு வேணாம்."

அரை விரல். சுவரோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலையின் முதுகு நிமிர்ந்தது. தூக்கக் கலக்கம் போய்விட்டது.

"இது வேணாம், வேணாம்" என்றாள்.

பாய் சிரித்தார். "தங்கச்சிக்குப் புரிஞ்சுபோச்சு."

"கோடு நகர்றது இருக்கட்டும் பாய். உள்ளே காளான் பிடிச்சிருக்கு" என்றார் ராஜரத்தினம். "பனி மூடினாப்ல தெரியுது."

அதில் அதிசயமில்லை. நம்ம ஊர் மழைக்குக் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிக் காளான் பிடிப்பது வழக்கம்தான். பாய் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். இரண்டாவதை மாட்டினார்.

அது மெல்லிய குழல், கட்டைவிரல் தடிமன்தான்.

"இது நாலு மடங்கு. இந்த மாதிரிச் சின்ன ரைபிளுக்குன்னே செஞ்சது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூணு விரல் இடம் விட்டுப் பாருங்க. சுத்தி வர கறுப்பு இல்லாம, தட்டு மாதிரி முழுசாத் தெரியணும். தெரியுதா?"

ராஜரத்தினம் நிறைய நேரம் பார்த்தார். தலையை முன்னே கொண்டுபோனார், பின்னே கொண்டுவந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இதுலயும் காளான்."

"இதுலயா?"

"பனியா இருக்கு பாய். கூண்டு இருக்குன்னு தெரியுது. உள்ளே ஒண்ணும் தெரியலே."

பாய் மான்தோல் எடுத்து இரண்டு பக்கமும் துடைத்தார். தானே குனிந்து பார்த்தார். தலையை ஆட்டிப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

மூன்றாவதையும் மாட்டினார். இரண்டரை மடங்கு. வெளிச்சம் அதிகம் வாங்கும், மங்கலில் பார்க்க நல்லது என்றார். ராஜரத்தினம் கண்ணை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார்.

"என்ன பாய், கடையில இருக்கிறது அத்தனையும் காளானா? துரைமாருங்க நல்லதை எல்லாம் கப்பல்ல ஏத்திட்டு, கழிசலை உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டானுங்களா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். குரல் சிரிக்கவில்லை.

பாய் இரண்டாவது குழலை மறுபடி எடுத்து மாட்டினார். "அண்ணே, கண்ணாடியில காளான் பிடிச்சா நூல் நூலாத் தெரியும், சிலந்தி வலை மாதிரி. பனியாத் தெரியாது. ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு தடவை, இடது கண்ணால—"

"அஞ்சலை, நீ பாரு" என்றார் ராஜரத்தினம்.

அதற்குத்தான் அவளைக் கூட்டிவந்தார் என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது.

எழுந்து போய்க் குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு மூன்று விரல் தள்ளி வைத்தாள். கறுப்பு விலகியது. ஒரு வட்டம் திறந்தது.

அக்கரை அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஆணியில் துரு. கூண்டின் மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். உள்ளே ஒரு புறா, கழுத்தில் எள்ளைத் தூவியது போலப் புள்ளிகள். அது கண்ணை மூடியது, திறந்தது. அவள் தலையை ஆட்டினாள். கோடு புறாவின் கழுத்தை விட்டு ஒரு மயிரிழை நகரவில்லை.

மழை கழுவிய காலை போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆற்றில் ஒரு தொங்கான் படகு போனது. அது போகும்வரை அவள் நிமிரவில்லை. ஒரு மாதமாகக் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்ட அவர் கை, வளைவில் ஆள் உயர எழுத்து, தொப்பியில் இரண்டு ஓட்டை எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்து வரிசையாக நின்றன. முன்குறி வளையவே இல்லை.

நிமிர்ந்தாள். ராஜரத்தினம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதியவன் வாத்தியார் முகத்தைப் பார்ப்பது போல. ஐம்பத்து மூன்று வயது மனிதர், பாய் முன்னால், கைகள் இரண்டையும் தொடையில் அழுத்திக்கொண்டு.

"ஆமாங்க" என்றாள் அஞ்சலை. "பனியாத்தான் இருக்கு."

பாய் அவளைப் பார்த்தார். அவளும் பாயைப் பார்த்தாள். பாய் பார்வையைத் தாழ்த்தி, மான்தோலை மடிக்க ஆரம்பித்தார்.

"நான் சொல்லலே?" என்று ராஜரத்தினம் பெஞ்சைத் தட்டினார். "பாருங்க பாய், பொம்பளைக்கே தெரியுது. நல்லது வந்தாச் சொல்லி அனுப்புங்க." துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, சுருட்டுப் பற்றவைக்க வெளியே போனார். நடையில் ஒரு துள்ளல்.

அஞ்சலை செருப்பைத் தேடும் சாக்கில் நின்றாள். பாய் அந்த மெல்லிய குழலைச் செய்தித்தாளில் சுற்றி அவள் கூடையில் வைத்தார்.

"கொண்டு போங்க தங்கச்சி. திங்கட்கிழமை திருப்பிக் குடுத்தாப் போதும். கண்ணாடியில கோளாறில்லேன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வலது கண்ணுல புரை விழுந்திருக்கு. இது ஒண்ணும் உலகத்துல இல்லாததில்லே. ஆஸ்பத்திரியில எடுப்பாங்க. ஆனா அதுவரைக்கும் அந்தத் துப்பாக்கி..."

"தெரியும் பாய்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ராஜரத்தினம் பேசிக்கொண்டே வந்தார். கங்கோங் இரண்டு கட்டு வாங்கினார். கேட்காமலே அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கினார். அவளுக்கு அதைத் தலையில் வைக்கக் கை தூக்க முடியவில்லை. கூடையில் போட்டுக்கொண்டாள், செய்தித்தாள் சுருளின்மேல்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன அஞ்சலை. ஒரு மாசமா எனக்கே உள்ளுக்குள்ள ஒரு பயம். கண்ணுதான் போச்சோன்னு. அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். பாய் வியாபாரி, ஆயிரம் சொல்லுவாரு. நீ பொய் சொல்ல மாட்டே. நீயும் பனின்னு சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்துச்சு."

அஞ்சலை காலடியைப் பார்த்து நடந்தாள்.

"டெலஸ்கோப் கிடக்குது. முன்குறியைத் தட்டி நிமிர்த்திட்டு நாளைக்குப் போறேன். தவுக்கே வாயை மூடிக்கிட்டுப் போவாரு பாரு."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசல் படியில் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டார். சின்னச் சுத்தியல். டிக், டிக், டிக். நேராக இருந்த குறியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் காலிக் கேரியர்கள் திரும்பிவந்தன. பதினான்கு கேரியர், ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்கு. அஞ்சலை குழாயடியில் குந்தி ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். யாரோ ரசத்தைத் தொடவே இல்லை. யாரோ எலும்பை மடித்துத் திரும்பவும் அடுக்குக்குள் வைத்திருந்தார்கள். டிக், டிக் என்ற சத்தம் நிற்கவில்லை.

அவர் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் அவர் தோட்டத்துக்குப் போவார். மங்கலான பனிக்குள் பழுப்பாக ஏதோ அசையும். அது அணிலாகவும் இருக்கலாம். ஓலைத் தொப்பியாகவும் இருக்கலாம். தியாகு தகரத்தைத் தட்டிக்கொண்டு, அத்தான் சுடும்போது பயப்படவில்லை என்று காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டு நிற்பான். அவள் தைத்த தொப்பியையே போட்டுக்கொண்டு.

கடைசிக் கேரியரைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கூடையிலிருந்து செய்தித்தாள் சுருளை எடுத்துக்கொண்டு படியில் போய் அவருக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"கடையில நான் சொன்னது பொய்."

"எது?"

"பனின்னு சொன்னது."

சுத்தியல் நின்றது.

"அந்தப் புறா கழுத்துல இருந்த புள்ளிகூட எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். "பாய் முன்னால உங்க முகத்தைப் பார்க்க முடியலே. அதான் சொல்லிட்டேன்."

அவள் சுருளைப் பிரித்துக் குழலை நீட்டினாள்.

"பாய் சொன்ன மாதிரி இடது கண்ணால பாருங்க."

"நீ எப்போ டாக்டரானே? கேரியர்ல சாம்பாரோட மருந்தும் அனுப்பறியா?"

"பாருங்க. பார்த்துட்டு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. எனக்கு இன்னிக்குச் சண்டை போடத் தெம்பில்லே."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் குழலைக் கையில் வாங்கினார். வெறும் குழல், பின்னால் துப்பாக்கி இல்லாமல் அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. தெருவைப் பார்த்துத் தூக்கினார். பழக்கத்தில் வலது கண்ணுக்குத்தான் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல இடது பக்கம் வந்தது.

அவர் தோள் இறங்குவதை அவள் பார்த்தாள்.

"விளக்குக் கம்பத்துல ஒரு மைனா" என்றார். "வாயில புழுவோ என்னமோ வச்சிருக்கு."

திரும்ப வலது. திரும்ப இடது. கதவைத் திறந்து திறந்து மூடும் குழந்தை போல நான்கைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"இன்னிக்குத்தான்."

"எனக்குத் தைப்பூசத்துல இருந்தே" என்றார் மெதுவாக. "தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்."

அப்போதுதான் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. தியாகு அந்த மணியைத் தேவையில்லாமல் மூன்று தடவை அடிப்பான். ராஜரத்தினம் குழலை அந்தப் பக்கம் திருப்பினார், இடது கண்ணில் வைத்தபடியே. தன்னால் பார்க்க முடிகிறது என்பதை இன்னும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்க வேண்டும்.

"உன் தம்பி வர்றான். பல்லை இளிச்சுக்கிட்டு வர்றான்..."

நிறுத்தினார்.

தியாகு செட்டி வீட்டு வேலியோரம் இறங்கி, சைக்கிளைச் சாய்க்கத் திரும்பினான். அந்த அம்மாளிடம் ஏதோ சொல்லி மறுபக்கம் திரும்பினான்.

"அஞ்சலை. அவன் தொப்பியில கறுப்பா ஒட்டுப் போட்டிருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கமும் ஒண்ணு." குழல் அசையவே இல்லை. "அது உன் தையல்."

அஞ்சலைக்கு ஆமாம் என்று சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாகக் குண்டு எங்கே நுழைந்து எங்கே வெளிவரும் என்று பார்த்தே பிழைத்த மனிதருக்கு, நேர்கோட்டில் இருக்கும் இரண்டு ஒட்டுக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவையில்லை.

தியாகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அத்தான், தவுக்கே நாளைக்கு ஆறரைக்கெல்லாம் வந்துடச் சொன்னாரு. அவரே வந்து நின்னு பார்க்கப் போறாராம். என்ன, டெலஸ்கோப் வாங்கியாச்சா?"

"தொப்பியைக் கழட்டு."

தியாகு அக்காவைப் பார்த்தான். அக்கா படிக்கட்டைப் பார்த்தாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.

ராஜரத்தினம் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துத் தையலை நகத்தால் பிரித்தார். துணி விலகியது. சுடும் விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். கிழிந்த ஓலை விரிந்துகொடுக்க, முதல் கணு வரைக்கும் போனது.

"நீ ஏன்டா சொல்லலே?"

"தலைக்கு ஒண்ணும் ஆகலியே அத்தான்" என்றான் தியாகு. அழுதுவிடுவான் போலிருந்தது. "தொப்பிக்குத்தானே."

அவர் எழுந்து உள்ளே போனார். தகரடப்பா திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து அவள் கையைப் பிடித்து விரித்து, துப்பாக்கியின் போல்ட்டை அதில் வைத்து மூடினார்.

"நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காதே. அழுது கேட்டாலும் குடுக்காதே."

அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எண்ணெய் பிசுபிசுத்தது. பதினான்கு கேரியரைத் தூக்கிய கைக்கு அந்தச் சின்ன இரும்பைப் பிடித்திருக்க முடியவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு?" என்றான் தியாகு. "தவுக்கே நிப்பாரே அத்தான். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. நான்கூடத் தொட முடியாது."

ராஜரத்தினம் படியில் உட்கார்ந்து குழலை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை வலது பக்கம் போகவே இல்லை. நேராக இடது கண்ணில் வைத்து, காலியாக இருந்த தெருவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கண்ணாடி" என்றார்.

"திங்கட்கிழமை பாய்கிட்ட திருப்பிக் குடுக்கணும்" என்றாள் அஞ்சலை.

"வேணாம்" என்றார் ராஜரத்தினம், கண்ணை எடுக்காமலே. "இடது கண்ணு இருக்கே. குடுக்காதே."